ஊக்கு விழுந்த படங்கள்

கிழக்குத் தாம்பரம்
9.6.2025

அன்புள்ள கொடிக்கு,

பதினோரு முறை போன் செய்துவிட்டேன். ஒரு முறையாவது எடுத்தாயா? வாட்ஸ்அப்பில் அனுப்பியதற்கு நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. அதனால் காலேஜ் லீவில் எழுதிக்கொண்ட மாதிரி பேனாவை எடுத்துவிட்டேன். எங்கள் டெக்னீஷியன் ரோஸி குரோம்பேட்டையில் இறங்கித்தான் பம்மலுக்கு ஷேர் ஆட்டோ பிடிக்கிறாள். ஒரு நடை உன் வீட்டுக்கு வந்து கொடுத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன். பதிலையும் அவளிடமே கொடு.

விஷயம் உனக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிறாயே, அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன். மார்ச் மாதம் உங்கள் காலனி சமுதாயக் கூடத்து வாசலில் மேமோகிராம் வேனை நிறுத்தி நூற்று நாற்பது பெண்களுக்கு மார்பகப் படம் எடுத்தோம். சங்கத்துச் செயலாளர் என்ற முறையில் நீதான் வீடு வீடாகப் போய் எல்லாரையும் அழைத்து வந்தாய். அந்த நன்றியை நான் மறக்கவில்லை. ஆனால் "தாலியைக் கழட்டச் சொன்னா ஒருத்தி வரமாட்டா ஜெரூ, முதுகுப் பக்கம் தள்ளிப் போட்டுக்கட்டும்" என்று சொன்னதும் நீதான். பதினெட்டு வருஷமாக இந்தப் படங்களோடு ஆராய்ச்சி செய்கிறவள், சரி என்று தலையாட்டியது நான். முதுகுக்குப் போன தாலி, குனிந்ததும் முன்னால் வந்துவிட்டது. தாலி மட்டும் வந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு சங்கிலியிலும் நாலு ஊக்கு, ஐந்து ஊக்கு. ஒரு அம்மாவின் சங்கிலியில் பீரோ சாவியே இருந்தது. மார்பகம் தெரிய வேண்டிய இடத்தில் வெள்ளை வெளேரென்று ஊக்குக் கொத்து தெரிகிறது.

எங்களுக்குப் படம் பார்த்துச் சொல்கிற டாக்டர் ஸ்ரீரங்கன், இருபத்தேழு படங்களில் 'ஊக்கு மறைக்கிறது, மறுபடி எடுக்கவும்' என்று எழுதிவிட்டார். அந்த இருபத்தேழு பேருக்கும் கடிதம் போட்டேன். மூன்று சனிக்கிழமைகள் நானும் ரோஸியும் மிஷினைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யாரும் வரவில்லை. போன சனிக்கிழமை ரோஸி வெறுத்துப்போய், "மேடம், நம்ம ரெண்டு பேரும் படம் எடுத்துகினு வூட்டுக்குப் போலாம்" என்றாள்.

கழற்றி மாட்ட பத்து நிமிஷம் ஆகுமா? அதற்கா இவ்வளவு? அந்தப் பட்டியலில் கடைசிப் பெயர் உன்னுடையது என்பதும் உனக்குத் தெரியும். வே. ஜெயக்கொடி, வயது 54. உன் பெரியம்மா இந்த நோயில்தான் போனார்கள் என்று படிவத்தில் நீயே எழுதியிருக்கிறாய்.

வேதாசலம் அண்ணா எப்படி இருக்கிறார்? ஏப்ரலில் பக்கவாதம் வந்தபோது ஆஸ்பத்திரியில் பார்த்தது. கை சரியாகிவிட்டதா?

கோபத்தோடும் பிரியத்தோடும்,
ஜெரூஷா

*

அஸ்தினாபுரம்
13.6.2025

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

நீ ஊசி போடுகிற டாக்டர் இல்லை, பிசிக்ஸ் படித்த டாக்டர் என்று காலனியில் பாதிப் பேருக்கு இன்னும் விளங்கவில்லை. நானும் விளக்கி விளக்கி ஓய்ந்துவிட்டேன்.

போன் எடுக்கவில்லை என்று குறைப்படாதே. எடுத்தால் நீ கத்துவாய். தவிர, இப்போது வீட்டில் போன் பேச வசதியில்லை. ஏன் என்று கேட்காதே, எழுது.

அந்த இருபத்தேழு பேருக்கும் நீ போட்ட கடிதத்தை நீயே ஒரு தடவை படித்துப் பார்த்தாயா? 'தங்களது படிமத்தில் அயற்பொருள் குறுக்கீடு காணப்படுவதால் உலோக அணிகலன்கள் யாவற்றையும் அகற்றி மீள்பதிவுக்கு வருகை தருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.' மூன்றாவது தெரு அபிதகுஜாம்பாள் மாமி அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, "நீ ஈ.பி.ல இருந்தவளாச்சே, மீட்டர் மாத்தறாளா?" என்று கேட்டாள். மின்வாரியத்தில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவள் நான். எங்கள் நோட்டீஸ்கூட இவ்வளவு மோசமாக இருக்காது.

புரிந்துகொண்டவர்கள் என்ன பேசினார்கள் தெரியுமா? "அந்தக் கிறிஸ்டியன் அம்மா தாலியைக் கழட்டச் சொல்றாங்களாம்." நான் உனக்காக நாலு பேரோடு சண்டை போட்டதில் இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை. அதெல்லாம் உனக்கு எங்கே தெரியப்போகிறது?

இன்னொன்று. அன்றைக்கு வேனில் உங்கள் ரோஸிதான் சொன்னாள், "கம்ப்யூட்டர் பார்த்துடுச்சுக்கா, இந்தத் தெருவுல யாருக்கும் ஒண்ணும் இல்லியாம்" என்று. நான் சந்தோஷத்தில் காலனி குரூப்பில் போட்டுவிட்டேன். எழுபது பேர் கும்பிடு போட்டார்கள். இப்போது மறுபடி வாருங்கள் என்றால், கம்ப்யூட்டர் சொன்னது பொய்யா என்று கேட்க மாட்டார்களா? எனக்கும்தான் ஒன்றும் இல்லை என்று அது சொல்லிவிட்டது. பிறகு ஏன் என்னையும் சேர்த்துப் படுத்துகிறாய்?

அவர் பரவாயில்லை. கை கொஞ்சம் மரத்திருக்கிறது.

அன்புடன்,
ஜெயக்கொடி

*

கிழக்குத் தாம்பரம்
16.6.2025

அன்புள்ள கொடிக்கு,

கடிதத்தின் தமிழுக்கு மன்னிப்பு. நான் எழுதியது நாலு வரி. எங்கள் ஆராய்ச்சிக் கமிட்டியில் ஆறு பேர் ஆளுக்கொரு வார்த்தையை மாற்றி அந்தக் கதிக்கு ஆளாக்கிவிட்டார்கள்.

ரோஸிக்கு மன்னிப்பு கிடையாது. அவளைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, "பயந்துகினு இருந்தாங்க மேடம், தைரியமா இருக்கட்டும்னு சொன்னேன்" என்கிறாள். அந்த சாஃப்ட்வேர் இன்னும் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிற பிள்ளை. டாக்டர் ஒரு பக்கம் படம் பார்ப்பார், அது ஒரு பக்கம் பார்க்கும், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று நாங்கள் பார்ப்போம். அதன் பேச்சு வெளியே போகவே கூடாது. நீ அதை எழுபது பேருக்கு அனுப்பி வைத்திருக்கிறாய். இனிமேல் எது அனுப்பினாலும் என்னைக் கேட்டுவிட்டு அனுப்பு.

நீ ஒருத்தி முதலில் வா. நீ வந்தால் மற்ற இருபத்தாறு பேரும் பின்னாலேயே வருவார்கள். ராகு காலத்தில் போய் வேலைக்குச் சேர்ந்தவள்தானே நீ? அமாவாசையன்று தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உன் மாமியாரை அலறவிட்டவள்தானே? அந்த ஜெயக்கொடி எங்கே போனாள் என்றுதான் எனக்கு எரிச்சலாக வருகிறது.

ஜெரூஷா

*

அஸ்தினாபுரம்
21.6.2025

ஜெரூ,

உன் தாலி எங்கே இருக்கிறது? மெர்வின் கட்டிய அந்தப் புறாச் சின்னம் போட்ட தாலி கல்யாணமான மறுவருஷமே பாங்க் லாக்கருக்குப் போய்விட்டது. லாக்கரில் வைத்திருக்கிறவள் கழுத்தில் வைத்திருக்கிறவளைப் பார்த்துப் பத்து நிமிஷம்தானே என்று சொல்வது ரொம்பச் சுலபம்.

எனக்கு எந்த நம்பிக்கையும் கிடையாது என்பது உண்மைதான். ஏப்ரல் வரைக்கும் கிடையாது. ஐ.சி.யூ. வாசலில் நான் உட்கார்ந்திருந்தபோது என் நாத்தனார் என் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தைப் பார்த்துப் பார்த்து அழுதாள். மூன்று நாள் அப்படி அழுதாள். அன்றிலிருந்து தாலியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறேன். கழற்று என்று யார் சொன்னாலும் முந்தானையை இழுத்து அதை மூடிக்கொள்கிறேன். இது முட்டாள்தனம் என்று எனக்குத் தெரியும். நீ எழுதித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

கம்ப்யூட்டர் ஒன்றும் இல்லை என்றது. எனக்கு அது போதும். மேற்கொண்டு இந்த விஷயமாக எழுதாதே. வேறு ஏதாவது எழுது, பதில் போடுகிறேன்.

கொடி

*

கிழக்குத் தாம்பரம்
2.7.2025

அன்புள்ள கொடிக்கு,

இந்த விஷயமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது. தயவுசெய்து கடைசிவரை படி.

உன் கடிதம் வந்த அன்று எனக்கு மகா கோபம். ஒன்றும் இல்லை என்று எதை வைத்து அது சொன்னது, பார்த்துவிடுகிறேன் என்று உட்கார்ந்தேன். ஒரு குழந்தைக்குப் படம் காட்டிப் பழக்குகிற மாதிரிதான் அந்த சாஃப்ட்வேரைப் பழக்கினோம். இது நோய் உள்ள படம், இது நோய் இல்லாத படம் என்று ஆயிரக்கணக்கில் காட்டினோம். நோய் உள்ள படங்கள் எல்லாம் பெரிய ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்தவை. அங்கே நர்ஸ் வாசலிலேயே எல்லாவற்றையும் கழற்ற வைத்துவிடுவாள். நோய் இல்லாத படங்கள் பெரும்பாலும் உங்கள் காலனி மாதிரி முகாம்களில் எடுத்தவை. அதில் தாலி இருக்கும், ஊக்கு இருக்கும். அந்தப் பாழாய்ப்போன மிஷின் மார்பகத்தைப் பார்க்கவே இல்லை, கொடி. ஊக்கைப் பார்த்திருக்கிறது. ஊக்கு இருந்தால் நோய் இல்லை என்று தானாகவே ஒரு பாடம் படித்து வைத்திருக்கிறது.

நம்ப முடியாமல் ஒரு சோதனை செய்தேன். நோய் உறுதியான ஒரு பெண்ணின் படத்தை எடுத்து, அதன் ஓரத்தில் ஒரு ஊக்கின் படத்தை வெட்டி ஒட்டினேன். 'சந்தேகம் இல்லை' என்றது. ஊக்கை எடுத்தேன். 'சந்தேகம்' என்றது. இப்படிப் பதினோரு படங்களில் ஒட்டிப் பார்த்ததில் ஒன்பதில் ஏமாந்துவிட்டது. அந்த ஊக்கு யாருடையது தெரியுமா? உன்னுடையது. மேஜையில் முதலில் திறந்திருந்தது உன் படம்தான்.

இரண்டு வருஷ வேலை. நேற்று எங்கள் ஆராய்ச்சி நிலைய இயக்குநரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன், இதைப் பற்றிப் பத்திரிகைக்கு அனுப்பிய கட்டுரையையும் திரும்பப் பெற்றுக்கொண்டாயிற்று. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்து அழுதேன். மெர்வின் டீ போட்டு வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என் மீதே எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

அதெல்லாம் என் பாடு. உனக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். உன் மார்பகத்தைப் பார்த்து ஒன்றும் இல்லை என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. உன் ஊக்கைப் பார்த்துச் சொன்னதை நீ பிடித்துக்கொண்டிருக்கிறாய். காலனியில் எல்லாருக்கும் சொல்லிவிடு. தப்பு என்னுடையது என்று என் பெயரைப் போட்டே சொல்.

ஜெரூஷா

*

அஸ்தினாபுரம்
8.7.2025

அன்புள்ள ஜெரூ,

படித்ததும் முதல் காரியமாகச் சங்கிலியிலிருந்த ஊக்கையெல்லாம் எடுத்து டப்பாவில் போட்டேன். ஏழு இருந்தது. புடவைக்கு ஒன்று தேடினால் ஒருநாளும் கிடைக்காது.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அழுததை மட்டும் விட்டுவிட்டேன். முடித்ததும் அபிதகுஜாம்பாள் மாமி, "தப்புன்னு தானே ஒத்துண்டு எழுதியிருக்காளே, இவளை நம்பலாம்டீ" என்றாள். இவ்வளவு நாள் நீ சரியாகச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. இதை நினைத்து நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஆனாலும் கழற்றுவதற்கு ஒருத்தியும் தயாரில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜெரூ, பதினெட்டு வருஷமாகப் படம் பார்க்கிறாயே, கழற்றாமல் வேறு என்ன செய்யலாம் என்று எங்களில் ஒருத்தியையாவது கேட்டாயா? கழற்று, கழற்று, கழற்று. அது ஒன்றுதான் உங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆடிப் பதினெட்டு வருகிறது. அன்று நாங்கள் புது மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டிக் கழுத்தில் ஏற்றிக்கொள்வோம். கயிறு ஏறி முடிச்சு விழுந்த பிறகுதான் பழைய சங்கிலியைக் கழற்றிச் சாமி படத்துக்கு முன்னால் வைப்போம். கழுத்து ஒரு நொடிகூடச் சும்மா இருக்காது. கயிறு வெறும் பருத்தி நூல். உன் மிஷினில் நூல் தெரியுமா, தெரியாதா? இதற்கு மட்டும் பதில் எழுது.

அவர் பரவாயில்லை.

கொடி

*

கிழக்குத் தாம்பரம்
18.7.2025

அன்புள்ள கொடிக்கு,

தெரியாது. தெரியவே தெரியாது.

மார்பகத்துக்குப் பதிலாக வைத்துச் சோதிக்கிற பிளாஸ்டிக் கட்டி ஒன்று எங்களிடம் உண்டு. சந்தைத் தெருவில் மஞ்சள் கயிறு வாங்கி அதைச் சுற்றிக் கட்டிப் படம் எடுத்தேன். கயிறு இருந்த சுவடே இல்லை. கிழங்கு மட்டும் லேசாகத் தெரிகிறது. அதனால் கயிற்றை நீளமாக விடாமல் கிழங்கு கழுத்து எலும்புக்கு மேலேயே நிற்கிற மாதிரி கட்டிக்கொள்ளச் சொல். பிறகு ரோஸியை விட்டு என் கழுத்திலும் கட்டச் சொல்லி என்னையே எடுத்துப் பார்த்தேன். படம் சுத்தமாக வந்தது. கழற்ற மறந்து அப்படியே சர்ச்சில் பாட்டுப் பயிற்சிக்குப் போய்விட்டேன். உச்சக் குரலில் பாடுகிற சோப்ரானோ பெண்கள் வரிசை மொத்தமும் பாட்டை நிறுத்திவிட்டு என் கழுத்தையே பார்த்தது. மெர்வின், "யாரு கட்டினது? நான் இல்லியே" என்கிறார்.

நீ திட்டியது முழுக்க நியாயம். எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் மூன்று, ஞாயிறு, ஆடிப் பதினெட்டு அன்றே காலை பத்து மணிக்கு வேன் வரும். அன்று யாரும் மார்பில் மஞ்சள் பூசிக் குளிக்க வேண்டாம், பவுடரும் வேண்டாம். பவுடர் துகள்கூடப் படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழுந்து ஸ்ரீரங்கன் உயிரை எடுக்கும். இதை உன் வார்த்தையில் எழுதி அனுப்பு. கமிட்டியிடம் காட்ட மாட்டேன்.

ஜெரூ

*

கிழக்குத் தாம்பரம்
4.8.2025

ஜெயக்கொடிக்கு,

இருபத்தாறு பேர் வந்தார்கள். புளிச்சாதம், தேங்காய்ச்சாதம், தயிர்ச்சாதம் என்று டப்பா டப்பாவாகக் கொண்டுவந்து வேனையே ஆற்றங்கரை ஆக்கிவிட்டார்கள். ஸ்ரீரங்கன் ஞாயிற்றுக்கிழமையும் வேலையா என்று முனகிக்கொண்டே வந்தவர், மூன்று வகையையும் ஒரு கை பார்த்துவிட்டு, "இவ்வளவு தெளிவான படம் நான் முகாமில் பார்த்ததே இல்லை" என்றார். இருபத்தாறும் நல்ல படம்.

இருபத்தேழாவது ஆள் எங்கே?

கயிறு வாங்கிக் கொடுத்தது நீ. டோக்கன் கொடுத்து வரிசையில் உட்கார வைத்தது நீ. உன் கழுத்தில் பழைய சங்கிலியே இருந்ததைப் பார்த்தேன், கடைசியில் மாற்றிக்கொண்டு வருவாய் என்று நினைத்தேன். பன்னிரண்டு மணிக்கு, "அவருக்குச் சாப்பாடு போட்டுட்டு வந்துடறேன்" என்று போனாய். நாலு மணி வரை வேனை நிறுத்தி வைத்தேன். பிறகு மூன்று தெரு நடந்து உன் வீட்டுக்கு வந்து மணி அடித்தேன். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. நான் அடித்ததும் அந்தச் சத்தமும் நின்றது. ஆனால் கதவு திறக்கவில்லை.

மூன்று வருஷம் ஒரே ரயிலில், ஒரே சீட்டில் காலேஜுக்குப் போய் வந்தவர்கள் நாம். என்ன கோபம் இருந்தாலும் நான் வந்து மணி அடித்து நீ திறக்காத நாள் கிடையாது. நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்குத் தெரிய வேண்டும். அலுத்துப்போய்விட்டது, கொடி.

ஜெரூஷா

*

அஸ்தினாபுரம்
9.8.2025

அன்புள்ள ஜெரூ,

கதவுக்கு இந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தேன். நீ இரண்டாவது தடவை மணி அடித்தபோது தாழ்ப்பாளில் கை வைத்தேன். திறக்க முடியவில்லை.

அவர் பரவாயில்லை என்று நான் எழுதியதெல்லாம் பொய். வலது கை சுத்தமாக வரவில்லை. பேச்சு குழறுகிறது. நான் போனில் யாரிடம் என்ன பேசினாலும் தன்னைப் பற்றித்தான் சொல்கிறேன் என்று நினைத்துச் சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறார். அதனால்தான் போனை எடுப்பதில்லை. யாரும் தன்னைப் பார்க்கக் கூடாது என்கிறார். ஸ்நேகா பெங்களூரிலிருந்து வந்தபோது பெற்ற பெண்ணுக்கே முகம் கொடுக்கவில்லை. உன்னை எப்படி உள்ளே கூப்பிடுவேன்?

எங்கள் வீட்டில் ஆடிப் பதினெட்டுக் கயிற்றை அவர்தான் எனக்குக் கட்டுவார். முப்பது வருஷமாக அவர்தான். அன்று காலை தட்டில் கயிற்றை வைத்து அவர் எதிரில் உட்கார்ந்தேன். இடது கையால் எடுத்தார். கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்தார், முனை நழுவி விழுந்தது. மூன்று தடவை விழுந்தது. நாலாவது தடவை கயிற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்குவதைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகுதான் வந்து எல்லாருக்கும் டோக்கன் கொடுத்தேன்.

வேறு யாராவது கட்டக் கூடாதா என்று நீ கேட்பாய். கட்டலாம். நாத்தனார் கட்டலாம், மாமி கட்டலாம், நானேகூடக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் இன்னொருத்தர் கையால் கட்டிக்கொண்டு அவர் எதிரில் போய் நின்றால், உங்கள் கை இனிமேல் வராது என்று நானே சொன்ன மாதிரி ஆகிவிடும். என்னால் முடியாது. படத்தில் எது இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும்.

நீ ஒன்றும் செய்யவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

கொடி

*

கிழக்குத் தாம்பரம்
12.8.2025

அன்புள்ள கொடி,

உன்னைத் திட்டுவதற்கு நிறைய சேர்த்து வைத்திருந்தேன். எல்லாம் வீணாய்ப் போயிற்று.

நீ பரவாயில்லை என்று எழுதும்போதெல்லாம் நான் நம்பினேன். நம்பினேன்கூட இல்லை, அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். அதற்கு என்னை மன்னித்துவிடு.

எங்கள் பிசியோதெரபிஸ்டைக் கேட்டேன். முடிச்சுப் போடுவதையே பயிற்சியாக வைக்கலாம் என்கிறார். ஜன்னல் கம்பியில் முதலில் தடிக் கயிறு, பழகியதும் மெல்லிய கயிறு. இடது கையைத் தயார் செய்வது, வலது கையை ஒத்தாசைக்கு வைத்துக்கொள்வது. செய்முறையை அவரே படம் போட்டுக் கொடுத்திருக்கிறார், உள்ளே வைத்திருக்கிறேன். நான் கொடுத்ததாகச் சொல்லாதே. ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள் என்று சொல்.

இந்த மாதக் கடைசி வரை பொறுப்பேன். படத்தில் எது இருந்தாலும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை எழுதினால் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு நேராக வந்து வேதாசலம் அண்ணாவிடமே பேசுவேன். அவர் முகம் கொடுக்காவிட்டால் முதுகைப் பார்த்துப் பேசுவேன்.

ஜெரூ

*

அஸ்தினாபுரம்
30.8.2025

அன்புள்ள ஜெரூ,

எங்கள் வீட்டு ஜன்னலை நீ பார்க்க வேண்டுமே. கம்பி முழுக்கக் கயிறு. கொடிக் கயிறு, பூக்கட்டுகிற நார், பழைய நாடா, எது கிடைத்தாலும் முடிச்சு. காலையில் தொடங்கினால் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் வருவதில்லை. தெருவில் போகிறவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைக்கிறார்கள். அபிதகுஜாம்பாள் மாமி வந்து, பேரனுக்கு விசா கிடைக்கணும், தானும் ஒரு கயிறு கட்டலாமா என்று கேட்டாள். அவர் ஏப்ரலுக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தார்.

ஆஸ்பத்திரியில் கொடுத்தது என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. மூன்றாம் நாளே, "ஜெரூஷாவா?" என்று கேட்டார். அந்த ஒரு பெயர் குழறாமல் வந்தது.

நேற்றுக் காலை அவரே தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு முனையை இடது கையால் பிடித்து, இன்னொரு முனையைப் பல்லால் கடித்து இழுத்தார். அவர் மூச்சு என் பிடரியில் பட்டுக்கொண்டே இருந்தது. இருபத்தைந்து நிமிஷம் ஆனது. முதல் முடிச்சு அவருடையது. மற்ற இரண்டையும் நான் கையைப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டேன். அவர் போட்டது கோணலாகத்தான் இருக்கிறது, ஆனால் அவிழவில்லை.

சங்கிலியை அவர் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். திங்கட்கிழமை பத்து மணிக்கு இரண்டு பேருமாக ஆட்டோவில் வருகிறோம். தானும் வருவேன் என்கிறார். நீ கத்தாமல் இரு.

உன்,
கொடி

*

அஸ்தினாபுரம்,
உன் வீட்டு வாசல்
12.9.2025

என் பிரியமுள்ள கொடி,

இதை ரோஸி கையில் கொடுக்கவில்லை. எதிர்வீட்டுச் சுவரில் பேப்பரை வைத்து நானே எழுதி, கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். மணி அடித்து உன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். முடியவில்லை. விதிப்படி நான் உனக்குச் சொல்லவே கூடாது, ஸ்ரீரங்கன்தான் சொல்ல வேண்டும். அவர் திங்கட்கிழமை உங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்வார். அதுவரை நீ முடிவு தெரியாமல் சமைத்துக்கொண்டிருப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

மற்ற இருபத்தாறு பேருக்கும் ஒன்றும் இல்லை. டாக்டர் பார்த்துச் சொன்னது, மிஷின் இல்லை.

உனக்கு இருக்கிறது. இடது பக்கம், ஏழு மில்லிமீட்டர். மார்ச் மாதப் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்த இடத்தில்தான் உன் ஊக்குகள் இருந்தன. நான் வெட்டி எடுத்துப் பதினோரு பேர் படத்தில் ஒட்டிப் பார்த்தேனே, அந்த ஊக்கும் அங்கேதான் இருந்தது. போன வாரம் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்ததில் இது கேன்சர்தான் என்று உறுதியாகிவிட்டது. ஆனால் சின்னது, கொடி. விரலுக்கு அகப்படாத அளவு சின்னது. அக்குளுக்குப் போனதாகத் தெரியவில்லை. இந்த அளவில் பிடித்தால் பெரும்பாலும் முழுக்கக் குணமாகிவிடும் என்று ஸ்ரீரங்கன் சொல்கிறார். நான் பதினெட்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருப்பதே இந்த அளவில் இருக்கிறவற்றைத்தான். உன் பெரியம்மாவுக்கு யாரும் இந்த அளவில் பார்க்கவில்லை. எனக்குப் பயமாகவும் இருக்கிறது, ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டும் இருக்கிறது.

ஆபரேஷன் இருக்கும். அன்றைக்குத் தியேட்டர் வாசலில் யாராவது வந்து உன்னிடம் அந்தக் கயிற்றைக் கழற்றச் சொல்வார்கள். கழற்றாதே. அது பருத்தி நூல், பிளாஸ்டர் போட்டு ஒட்டிக்கொள்ளலாம், யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்று சர்ஜனிடம் இன்று காலையே சண்டை போட்டு ஒப்புக்கொள்ள வைத்துவிட்டேன். அந்தக் கோணல் முடிச்சை யாரும் தொட மாட்டார்கள். நான் வாசலிலேயே நிற்பேன்.

வேதாசலம் அண்ணாவிடம் நீ சொல்கிறாயா, இரண்டு பேருமாகச் சொல்வோமா? நான் வாசற்படியில்தான் நின்றுகொண்டிருக்கிறேன். டிவி சத்தம் கேட்கிறது. இன்றைக்கு மணி அடிக்கப்போவதில்லை. நீ படித்து முடிக்கிறவரை இருக்கிறேன்.

கதவைத் திற. கத்த மாட்டேன்.

ஜெரூ